ஆனைமலைக் காட்டில் ஒரு நாள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

"டாப்சிலிப்" என்ற பெயரைக் கேட்டவுடன் ஏதோ வெளிநாட்டு மலை என்று தோன்றும். அது பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே, நம் ஆனைமலையின் மேல் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இம்மலைத் தேக்கு மரங்களைப் பம்பாயில் கப்பல் கட்டுவதற்கும், பின்னர் இருப்புப்பாதையின் அடியில் இடும் கட்டைகளுக்கும் வெட்டினார்கள். வெட்டிய மரங்களைச் சுமந்து இறக்கச் சாலை ஏது? உச்சியிலிருந்து சரிவில் தள்ளிவிட்டால் அவை வழுக்கிக்கொண்டு அடிவாரம் வந்து சேரும். மேலிருந்து வழுக்கும் இடம் என்பதே அந்த ஆங்கிலப் பெயரின் பொருள். இன்று மரம் வழுக்குவதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் தந்தையார், தாயார், சித்தி, தம்பி என்று குடும்பமாக நாங்கள் ஐவரும் அங்கே சென்றோம். புலியைப் பார்க்கவேண்டும் என்பது தம்பியின் ஒரே கோரிக்கை. அதிகாலையில் பொள்ளாச்சியை விட்டோம். சேத்துமடைச் சோதனைச் சாவடியில் வனத்துறையினர் எங்கள் பைகளைப் பார்த்து, பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கேயே குரங்குகள் வரவேற்பு அளித்தன. எங்களுக்கு முன்னால் நின்ற காரில் இருந்தவர்கள் பிஸ்கட் வீச, ஒரு தாய்க்குரங்கு குட்டியை வயிற்றில் தொங்கவிட்டபடியே சாலையின் நடுவே பாய்ந்தது. அந்த வளைவில் ஒரு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சித்தி கேட்டார். பதில் சொல்ல எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

மேலே சென்றதும் புல்வெளியில் புள்ளிமான்களும் காட்டுப்பன்றிகளும் நம் வீட்டு ஆடுகளைப் போல மேய்ந்துகொண்டிருந்தன. சொந்த வண்டியில் காட்டுக்குள் திரிய அனுமதி இல்லை. வனத்துறை வண்டியில்தான் போகவேண்டும்; உடன் ஒரு வழிகாட்டியும் வருவார். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் மலசர் இனத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் எனப் பழங்குடியினர் ஆறு வகையினர் வாழ்கின்றனர். பெரியவரின் தந்தை யானைப் பாகனாக இருந்து தேக்குக் கட்டைகளை இழுப்பித்தவராம். "அப்பன் மரத்தை வெளிய கொண்டு போனாருங்க சார். நான் ஆளுகளை உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்று தந்தையாரிடம் சொல்லிச் சிரித்தார்.

வண்டி கிளம்பிய பத்து நிமிடத்தில் சாலையோரத்தில் கரிய குன்று போல ஒன்று நின்றது. காட்டெருமை! முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்தாற்போல் நான்கு கால்களும் வெளுத்திருந்தன. நன்கு வளர்ந்த காளை 1,000 கிலோ எடையைத் தொடுமாம். எருமை என்று நாம் சொன்னாலும் அது எருமை இனம் அன்று. நம் வீட்டுப் பசுவுக்கு நெருங்கிய உறவு. சங்க காலத்தவர் "ஆமா" என்று அதை அழைத்தனர். ஆ என்றால் பசு அல்லவா? விலங்கியல் படித்தவர்கள் பிற்காலத்தில் கண்டதை அவர்கள் பெயரிலேயே வைத்துவிட்டார்கள் என்பதில் எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

அதன்பின் அரைமணி நேரம் எதுவும் தென்படவில்லை. வண்டியில் இருந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள்; ஒருவர் பாட்டுப் போட்டார். பெரியவர் கையை உயர்த்தி வண்டியை நிறுத்தச் சொன்னார். பாட்டையும் நிறுத்தச் சொன்னார். எஞ்சின் அடங்கியதும் காடு பேசுவது காதில் விழுந்தது. எங்கோ உயரத்தில் மந்திகள் கரகரத்த குரலில் கத்தின. சற்று நேரத்தில் மூங்கில் புதருக்கு அப்பாலிருந்து கார் ஒலிப்பானைப் போல ஒற்றைக் குரல் எழுந்தது. அது கடமான் என்றார். மந்தி மரத்தின் மேலிருந்து தூரத்தில் வருவதைப் பார்க்கும். மான் தரையிலிருந்து மோப்பம் பிடிக்கும். மந்தி மட்டும் கத்தினால் கழுகாகவும் இருக்கலாம். மந்தி கத்தி, மானும் கத்தி, அந்தக் குரல் இடம் மாறாமல் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்தால், புலியோ சிறுத்தையோ கிட்டத்தில் நடமாடுகிறது என்று பொருளாம். கண்ணை மட்டும் நம்பி வந்த எங்களுக்கு இது புதுப் பாடம். காட்டைக் காதால்தான் முதலில் பார்க்கவேண்டும் போலும்!

தம்பி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னிருக்கையில் இருந்த ஒருவர், வண்டியை அந்தப் புதர்ப் பக்கம் சற்றே திருப்பினால் தனியாகப் பணம் தருவதாகக் கூறினார். பெரியவர் மறுத்துவிட்டார். அதற்குள் புதர் அசைந்தது. வெளியே வந்தது புலி அன்று. ஒரு பெண் யானை. அதன் கால்களுக்கிடையே, தன் துதிக்கையை என்ன செய்வதென்று தெரியாத ஒரு சின்னஞ்சிறு குட்டி! பின்னால் இன்னும் மூன்று யானைகள். முன்னே வந்த யானை சாலையின் நடுவில் நின்று எங்களை நோக்கிக் காதுகளை விரித்தது. ஓட்டுநர் ஓசையின்றி வண்டியைப் பின்னுக்கு நகர்த்தினார். குட்டி கடந்தபின்தான் அந்தப் பெரிய யானை காதுகளை மடக்கிக்கொண்டு மெல்ல நடந்தது.

யானைக் கூட்டத்துக்கு மூத்த பெண் யானையே தலைவி. எந்த மாதத்தில் எந்த ஓடையில் நீர் இருக்கும் என்பதும், எந்த வழி பழகிய வழி என்பதும் அதற்குத் தெரியும். தாய் வயிற்றில் குட்டி ஏறத்தாழ 22 மாதம் இருக்கிறது. வளர்ந்த யானை நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தின்கிறது. அதில் பாதிகூடச் செரிப்பதில்லை. எனவே தின்ற பழத்தின் விதைகள் சாணத்தோடு வேறிடத்தில் விழுந்து முளைக்கின்றன. சாலையில் கிடந்த சாணத்தைப் பெரியவர் குச்சியால் கிளறி விதைகளைக் காட்டியபோது தாயார் முகம் சுளித்தாலும், எட்டிப் பார்க்கத் தவறவில்லை.

புலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அன்று நாங்கள் புலியைக் காணவில்லை. ஆனால் ஆனைமலை 2007ஆம் ஆண்டு முதல் புலிகள் காப்பகம். முன்பு காலடித் தடத்தை வைத்துப் புலிகளை எண்ணினார்கள். இப்போது மரங்களில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டிவிடுகிறார்கள். நம் கைரேகை போல ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு என்பதால், படத்தை வைத்து இன்ன புலி என்று பிரித்தறிய முடியும். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் 3,682 புலிகள், தமிழ்நாட்டில் 306. 2018இல் நம் மாநிலக் கணக்கு 264 மட்டுமே. "அது நம்மளைப் பார்த்துட்டுத்தான் இருக்கும் சாமி, நாமதான் பார்க்கலை" என்று பெரியவர் தம்பியைத் தேற்றினார். தம்பி தேறியதாகத் தெரியவில்லை.

பகலில் கரியன் சோலைக்கு நடந்து சென்றோம். அன்றைய நாளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். சோலைக்குப் போகும் வழியெல்லாம் தேக்கு மரங்கள். நெட்டையாக, நேராக, வரிசையாக நின்றன. "எவ்வளவு அடர்ந்த காடு!" என்று சித்தி வியந்தார். பெரியவர் உடனே, "இது காடு இல்லீங்க அம்மா, தோட்டம்" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. அவர் ஒரு இளந்தளிரைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். மருதாணி இட்டாற்போல் கை சிவந்தது. பிறகு எங்களைச் சுற்றிலும் பார்க்கச் சொன்னார். எத்தனை வகை மரம்? ஒன்றுதான். மரத்தில் கொடி உண்டா? இல்லை. பழம் உண்டா? இல்லை. பறவைக் குரல் கேட்கிறதா? சருகில் எங்கள் செருப்பு எழுப்பிய சத்தம் மட்டுமே கேட்டது. பழைய காட்டை வெட்டிய பின் மனிதர் விலைக்காக நட்ட மரங்கள் இவை. ஆங்காங்கே தரையை மூடி, பல வண்ணச் சிறு பூக்களோடு உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. நம் ஊர் வேலிகளில் நாமெல்லாம் பூப்பறித்து விளையாடிய அதே செடிதான். அமெரிக்காவின் வெப்பப் பகுதியிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அது, இன்று மானும் காட்டெருமையும் மேயும் புல்லை முளைக்கவிடாமல் செய்கிறது.

சோலைக்குள் காலடி வைத்ததும் யாரோ விளக்கை அணைத்தாற்போல் இருந்தது. காற்றே குளிர்ந்தது. ஒரு மரத்தைப் போல இன்னொரு மரம் இல்லை. மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி, அதன்மேல் ஏதோ ஓர் ஆர்க்கிட் என்று ஒரு கிளையிலேயே ஒரு தோட்டம். காலில் அட்டைகள் ஏறின. சித்தி போட்ட கூச்சலில் ஒரு மலையணில் நீண்ட வாலை விசிறிக்கொண்டு மரம் விட்டு மரம் தாவி ஓடியது. பெரியவர் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்து தடவ, அட்டைகள் உதிர்ந்தன.

திடீரென்று தலைக்கு மேல் பெருமூச்சு விடுவது போல் ஓர் ஓசை. இருவாச்சிப் பறவை! ஏறத்தாழ நான்கடி நீளம். மஞ்சள் அலகின் மேல் இன்னோர் அலகு கவிழ்த்தாற்போல் ஒரு கொண்டை. அது சிறகடிக்கும் ஓசை நெடுந்தூரம் கேட்கும். ஒரு பெரிய மரத்தின் பொந்தைப் பெரியவர் சுட்டிக்காட்டி அதன் குடும்பக் கதையைக் கூறினார். ஆண்டின் தொடக்க மாதங்களில் பெண் பறவை இத்தகைய பொந்துக்குள் புகுந்து, அலகின் நுனி மட்டும் நுழையும்படி சிறு இடுக்கு விட்டு, வாயிலை எச்சத்தாலும் மண்ணாலும் பூசி அடைத்துக்கொள்ளும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு ஓரளவு வளரும்வரை வெளியே வராது. அதுவரை அத்தி முதலான பழங்களைக் கொண்டுவந்து அந்த இடுக்கின் வழியே ஊட்டுவது ஆண் பறவையின் பொறுப்பு. ஆண் பறவைக்கு ஏதேனும் நேர்ந்தால் பொந்துக்குள் இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினி கிடக்க நேரும். இவ்வளவு பெரிய பொந்து விழவேண்டுமானால் மரம் மிகவும் வயதானதாக இருக்கவேண்டும். தேக்குத் தோட்டத்தில் இருவாச்சியை ஏன் காணவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆனால் தேக்கு நட்டவரை மட்டும் குறை சொல்லவும் எங்களுக்கு மனமில்லை. டாப்சிலிப்பில் ஹ்யூகோ வுட் என்னும் ஆங்கிலேய வன அதிகாரியின் கல்லறை உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் இங்குப் பணியாற்ற வந்தபோது மலை மொட்டையாகிக்கொண்டிருந்தது. மரத்தை வேரோடு பெயர்க்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டச் செய்தார். கட்டை மறுபடி தளிர்த்தது. சட்டைப்பை நிறையத் தேக்கு விதையோடு நடப்பாராம். கைத்தடியால் மண்ணைக் குத்தி, குழியில் ஒரு விதையைப் போட்டுவிட்டு மேலே நடப்பாராம். இன்றும் அப்பகுதி மக்கள் இதைக் கண்ணால் கண்டவர்கள் போலச் சொல்கிறார்கள். 1933இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே தேக்குகளின் நடுவே அடக்கம் செய்தார்கள்.

கல்லறையில் இலத்தீன் மொழியில் ஒரு வாசகம் இருந்தது. எழுதி வந்து பள்ளி திறந்ததும் எங்கள் அருட்சகோதரியிடம் காட்டினோம். "இவரது நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயா? சுற்றிலும் பார்" என்று பொருளாம். இலண்டன் தூய பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் என்பவரின் கல்லறையில் இருக்கும் வாசகமே இது என்றும் அவர் கூறினார். ரென் கட்டியது கல்லால்; இவருடையது மரத்தால். மொட்டையாக விட்டிருந்தால் மழையில் மண்ணெல்லாம் கரைந்து போயிருக்கும் என்று தந்தையார் சொன்னார். எனினும் அவர் நட்டது ஒரே ஒரு மரத்தைத்தானே என்று தாயார் கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் இதைப் பற்றியே வாதாடினார்கள். எங்களுக்கு இருவர் கட்சியிலும் பாதிப் பாதி நியாயம் தெரிகிறது.

மாலையில் கோழிகமுத்தி யானை முகாமுக்குப் போனோம். ஒரு காலத்தில் மரம் இழுத்த யானைகள் இருந்த இத்தகைய முகாம்களில் இப்போது கும்கிகள் இருக்கின்றன. ஊருக்குள் வரும் காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் பழக்கப்பட்ட யானையே கும்கி. கேழ்வரகுக் களி, கொள்ளு, அரிசி, வெல்லம், உப்பு எல்லாம் சேர்த்து உருட்டிய பெரிய கவளங்களைப் பாகர்கள் யானைகளின் வாயில் ஊட்டினார்கள். இம்முகாமின் புகழ்பெற்ற கும்கி கலீம். 99 பணிகளில் பங்குகொண்டு, 2023ஆம் ஆண்டு மார்ச்சில் 60 வயதில் அது ஓய்வுபெற்றபோது வனத்துறையினர் அணிவகுத்து நின்று மரியாதை செய்தனர்.

ஆனால் தாயார் கண்கள் வேறொரு யானையைத் தேடின. கோவைக்காரர்களுக்குச் சின்னத்தம்பியைத் தெரியாமல் இராது. தடாகம் பள்ளத்தாக்கில் வயல்களுக்கு வந்துகொண்டிருந்த அந்தக் கொம்பன் யானையை 2019ஆம் ஆண்டு சனவரியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, இந்த டாப்சிலிப் காட்டுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். காடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது சின்னத்தம்பியின் காடு அன்றே! சில நாட்களிலேயே மலையை விட்டிறங்கி, நெடுந்தூரம் நடந்து, உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. விரட்டச் சென்ற கும்கிகளில் கலீமும் ஒன்று. அவற்றோடு அது சண்டையிடாமல் நட்பாகப் பழகியதைத் தமிழகமே வேடிக்கை பார்த்தது. அதைக் கும்கியாக்கக் கூடாது என்று பலர் குரல் எழுப்பினார்கள். பயிரிழந்த உழவர்களோ அழைத்துச் செல்லுங்கள் என்றார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. பிப்ரவரியில் மீண்டும் பிடிபட்டு, "கரால்" என்னும் மரக்கூண்டில் அடைத்துப் பழக்கப்பட்டு, சின்னத்தம்பியும் கும்கி ஆயிற்று. அப்போது நாங்கள் மூன்றாம் வகுப்புக்குக்கூட வராத சிறுமியர். ஆனாலும் வீட்டில் பெரியவர்கள் செய்தி பார்த்துக் கண்கலங்கியது நினைவிருக்கிறது.

வழிகாட்டிப் பெரியவர் வரிசையில் நின்ற ஒரு யானையைக் காட்டி, "அவன்தாங்க அம்மா" என்றார். கவளத்தை வாங்கிக்கொண்டு அமைதியாக மென்றது. எங்களைப் பார்த்ததாகவே தோன்றவில்லை. தடாகத்தில் அதன் வழியிலே செம்மண்ணைத் தோண்டிச் செங்கல் சூளைகள் பல வைத்திருந்தார்கள்; 2021இல் அவை மூடப்பட்டன. கோவையில் எத்தனையோ வீடுகளின் சுவர் அந்தச் செங்கல்தான். எங்கள் வீடும் அப்படியே என்று தந்தையார் மெல்லச் சொன்னார். சித்தி மட்டும், "அவனுக்கு அந்த ஊர் இன்னும் ஞாபகம் இருக்குமாங்க?" என்று கேட்டார். பெரியவர், "இருக்குமுங்க. பாகன் சொல்றதையும் கேட்டுக்குவான், மனசுல அதையும் வெச்சிருப்பான்" என்றார்.

இன்னொன்றும் அவர் சொன்னார். 2012ஆம் ஆண்டு ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலா கூடாதென்று உச்ச நீதிமன்றம் தடைவிதித்தது. அக்டோபரில் நிபந்தனைகளோடு தடை நீங்கியது. மையப் பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுற்றுலாவுக்கு விடலாகாது என்பது நிபந்தனைகளுள் ஒன்று. அந்த மாதங்களில் வழிகாட்டிகளுக்கு வேலை இல்லை. "காடு நிம்மதியா இருந்துச்சு, எங்க அடுப்புத்தான் நிம்மதியா இல்லை" என்றார். எங்களைப் போன்றோர் போவது காட்டுக்கு நல்லதா கெட்டதா என்பதற்கு எங்களிடம் விடை இல்லை. அங்கே பாட்டுப் போட்டவரும் பிஸ்கட் வீசியவரும் நம்மவரே. அந்தப் பெரியவரின் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் நம்மைப் போன்றவர்கள் கொடுக்கும் கட்டணத்தில்தான்.

போக விரும்பும் தோழியருக்குச் சில சொற்கள். கோடையில் காட்டுத் தீக்கு அஞ்சிச் சில சமயம் மூடிவிடுவார்கள், கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பளிச்சென்ற நிற உடையும் வாசனைப் பொருளும் வேண்டாம். மாலையில் சோதனைச் சாவடியை மூடுவதற்குள் கீழே இறங்கிவிடவேண்டும். கேரளத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்துக்கும் டாப்சிலிப் வழியாகத்தான் போகவேண்டும். நானூறு ஆண்டுக்கு மேற்பட்டதாகக் கருதப்படும் "கன்னிமாரா" என்னும் தேக்கு அங்கே இருக்கிறதாம். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நேரம் போதாது என்று அதை விட்டுவிட்டு வந்தோம். நேரம் குறைவாக இருந்தால் வண்டிப் பயணத்தைக்கூட விட்டுவிடலாம். கரியன் சோலைக்கு மட்டும் அனுமதி கிடைக்குமா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். அட்டைக்குச் சுண்ணாம்பு எடுத்துச் செல்லுங்கள்.